ஏர் இன்டேக் மாற்றியதும் எரிந்த செக் என்ஜின் விளக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

கிட்டோடு வந்த தாளில் வேலை "சுலபம்" என்று போட்டிருந்தது. நேரம் ஒன்றரை மணி. கருவிகள்: ஒரு சாக்கெட் செட், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பிளையர். இவற்றை வைத்துக்கொண்டு என் சித்தி மகன் தன் காரில் அந்த ஆஃப்டர்மார்க்கெட் ஏர் இன்டேக்கை, அதாவது கம்பெனி ஏர் பாக்ஸுக்குப் பதிலாக வெளியில் வாங்கிய காற்றுக் குழாயையும் ஃபில்டரையும், மாட்டி முடிக்க முழு நாளும் போனது. அடுத்த வாரமே செக் என்ஜின் விளக்கு எரிந்தது. அதற்கப்புறம்தான் வண்டி என்னிடம் வந்தது.

இன்டேக் மாற்றுவது கஷ்டமா என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் போல்ட் கணக்காகவே இருக்கிறது. இத்தனை போல்ட் கழற்ற வேண்டும், இத்தனை கிளாம்ப் இறுக்க வேண்டும், அவ்வளவுதான் என்பார்கள். என் கணிப்பில் கஷ்டம் அங்கே இல்லை. கம்பெனி ஏர் பாக்ஸ் காற்றை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. காற்றை அளக்க இடம் கொடுக்கிறது, சுழலும் காற்றை நேராக்குகிறது, என்ஜின் சூட்டிலிருந்து பிரித்து வைக்கிறது, என்ஜின் விடும் மூச்சை வாங்கிக்கொள்கிறது, சத்தத்தை அடக்குகிறது, மழைநீரை ஒதுக்குகிறது. புதுக் குழாய் இவற்றில் எதை ஏற்றுக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் கடினமான பாதி. பானெட்டை மூடிய பிறகுதான் அது தொடங்குகிறது.

வண்டியும் கிட்டும்

2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். டர்போ கிடையாது, முன்சக்கர இயக்கம். காற்றை அளக்க மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கிறது. மெக்கானிக்குகள் மாஃப் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கம்பெனி அமைப்பில் கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் மூக்கு வழியாகக் காற்று வருகிறது. ஏர் பாக்ஸுக்குள் தட்டை ஃபில்டர். அதைத் தாண்டியதும் மாஃப் உட்காரும் குழல், அதன் வாயில் தேன்கூடு மாதிரி ஒரு வலை. பிறகு மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய், கடைசியாக த்ராட்டில் பாடி, அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றை மிதிக்கேற்பத் திறந்து மூடும் வாய். என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து அதன் மூச்சைக் கொண்டுவரும் ப்ரீதர் ஹோஸ் அந்த ரப்பர் குழாயில் சேர்கிறது. பக்கத்தில் மூடிய டப்பா ஒன்று தொங்குகிறது. அது ரெசொனேட்டர், உறிஞ்சும் சத்தத்தைக் குறைப்பதற்கு.

கிட்டில் வந்தவை: வெளி விட்டம் 76 மி.மீ. உள்ள அலுமினியக் குழாய், எண்ணெய் பூசிய பருத்தித் துணியாலான கூம்பு ஃபில்டர், ஒரு தகரத் தடுப்பு, இரண்டு சிலிகான் ஹோஸ், கிளாம்ப்கள், ஒரு பிராக்கெட். மாஃப் சென்சாருக்குக் குழாயிலேயே ஒரு மேடை வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. பளபளப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்த மாடலில் வந்த எல்லா வகைகளுக்கும் ஒரே குழாய் என்று அட்டையில் போட்டிருந்ததை நான் தனியாகக் குறித்துக்கொண்டேன். ஒரே மாடலில் என்ஜின் வகை மாறினால் மாஃப் குழலின் விட்டமும் மாறலாம்.

கழற்றுவதில் போன நேரம்

மாட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் அவனுக்கு நேரம் போயிருக்கிறது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஏர் பாக்ஸின் ஒரு போல்ட் பேட்டரி தட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பேட்டரியை வெளியே எடுக்காமல் அதைத் தொட முடியாது. அடிப்பக்கம் போல்ட் இல்லை. ரப்பர் புஷ்களில் முளைகள் இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. தெரியாதவர்கள் இன்னும் ஏதோ போல்ட் மிச்சம் இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். நேராக மேலே பலமாக இழுத்தால் வந்துவிடும்.

மாஃப் சென்சாரைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக்கில் இறங்கிய சின்ன ஸ்க்ரூக்கள். நட்சத்திரத் தலை கொண்டவை. அளவு சரியாகப் பொருந்தாத பிட்டை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். இவன் பொறுமையாகச் சரியான பிட் வாங்கி வந்து கழற்றியிருந்தான், அது நல்லது. வயரிங் கப்ளரின் பூட்டும் அப்படித்தான். பல வருடம் சூடு தின்ற பிளாஸ்டிக், அவசரமாக நெம்பினால் பட்டென்று உடையும்.

சிக்கலின் வேர் ப்ரீதர் ஹோஸில் இருந்தது. டேப்பட் கவரின் பிளாஸ்டிக் முனையில் அந்த ரப்பர் கல்லாக இறுகிப் போயிருந்தது. அவன் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பி எடுத்திருக்கிறான். ஹோஸ் முழுசாக வந்தது. முனையின் அடியில் மயிரிழை அளவு ஒரு விரிசல் விழுந்தது, அது அவன் கண்ணில் படவில்லை. இறுகிப்போன ஹோஸைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போட வேண்டும். ஹோஸ் சாதாரணமாகக் கிடைக்கும் பொருள். டேப்பட் கவர் அப்படி இல்லை.

மாட்டியது எப்படி

கிட்டின் பிராக்கெட் ஓட்டை வண்டியின் பாடியில் இருந்த ஓட்டைக்கு நேராக வரவில்லை, ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. வளைத்துப் பார்த்துவிட்டு அவன் அந்த பிராக்கெட்டையே விட்டுவிட்டான். இரண்டு பக்கமும் கிளாம்ப் இறுக்கியிருக்கிறதே, குழாய் எங்கே போகப் போகிறது என்று நினைத்திருக்கிறான். குழாய் எங்கும் போகாதுதான். ஆனால் என்ஜின் தன் மவுண்டிங்கில் ஆடும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் முன்னும் பின்னும் சாயும். கம்பெனிக் குழாயில் இருந்த ரப்பர் மடிப்புகள் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்வதற்காக வைக்கப்பட்டவை. நேரான அலுமினியக் குழாயில் மடிப்பு கிடையாது. தாங்குவதற்கும் எதுவும் இல்லாததால் முழுக் கனமும் த்ராட்டில் பாடி பக்கத்துச் சிலிகான் ஹோஸில் தொங்கியது. ஹோஸ் கோணலாக உட்கார்ந்து, கிளாம்பின் ஒரு விளிம்பு த்ராட்டில் பாடியின் உதட்டைத் தாண்டி வழுக்கியிருந்தது.

தகரத் தடுப்பின் மேல் விளிம்புக்கு ஒரு ரப்பர் பட்டை கிட்டில் இருந்தது. பானெட் மூடும்போது இடிக்கிறது என்று அதையும் பிடுங்கி வைத்துவிட்டான்.

மாட்டி முடித்த மறுநாள் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் ஓட்டம்) கொஞ்சம் தாறுமாறாக இருந்ததாம். பேட்டரியைக் கழற்றியதால் இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மைதான். பேட்டரி இணைப்பை எடுத்தால் பல வண்டிகளில் ஈசியு (என்ஜினை நடத்தும் கணினி) கற்றுவைத்திருந்த கணக்குகள் அழியும். த்ராட்டில் ஐடிலிங்கைத் திரும்பக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் ஓட்டம் தேவைப்படும். ஓட ஓட அது சரியாக வேண்டும். இங்கே ஓட ஓட மோசமாகிக்கொண்டே போனது.

ஸ்கேனர் சொன்னது

"அண்ணே, மாட்டுனதிலிருந்து இழுவை நல்லா இருக்கு. இந்த லைட்டை மட்டும் அணைச்சுக் குடுத்துருங்க" என்றான்.

"அணைச்சா நாளைக்கே திரும்ப எரியும்டா. எதுக்கு எரியுதுன்னு முதல்ல பார்ப்போம்."

கோட் பி0171. முதல் பேங்கில் (சிலிண்டர் வரிசையில்) கலவை லீன், அதாவது பெட்ரோல் போதவில்லை அல்லது கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று பொருள். கோட் எண்ணை மட்டும் படித்துவிட்டு ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. அந்த சென்சார் பாவம், உண்மையைத்தான் சொல்கிறது. பார்க்க வேண்டியது ஃப்யூல் ட்ரிம்.

ட்ரிம் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1 பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எவ்வளவு காற்று வந்தது என்று மாஃப் சொல்கிறது, அதை நம்பி ஈசியு பெட்ரோல் தெளிக்கிறது. எரிந்த பிறகு ஆக்ஸிஜன் சென்சார் சரிபார்க்கிறது. கணக்கு இடித்தால் ஈசியு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ திருத்துகிறது. நொடிக்கு நொடி செய்யும் திருத்தம் ஷார்ட் டேர்ம் ட்ரிம். அதுவே நிலைத்தால் பாடமாக எழுதி வைத்துக்கொள்கிறது, அது லாங் டேர்ம் ட்ரிம். நல்ல வண்டியில் இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கூட்டல் 5 சதவீதம் வரை போனால் நான் கவலைப்படமாட்டேன். பல வண்டிகளில் மொத்தத் திருத்தம் 25 சதவீதத்தை ஒட்டிப் போகும்போது விளக்கு எரிகிறது.

இந்த வண்டியில் லாங் டேர்ம் ட்ரிம் ஐடிலிங்கில் கூட்டல் 23. ஆர்பிஎம்மை 2500-க்கு ஏற்றி நிறுத்தினால் கூட்டல் 15. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

அளக்கப்படாத காற்று ஏதோ ஒரு ஓட்டை வழியாக மேனிஃபோல்டுக்குள் (த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்க்குள்) போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், 2 லிட்டர் என்ஜினுக்கு வினாடிக்கு இரண்டு மூன்று கிராம். அதில் சின்ன ஒழுகலும் பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினால் மொத்தக் காற்று பல மடங்காகிறது, ஒழுகலின் பங்கு சுருங்குகிறது. ஆக ஐடிலிங்கில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் ட்ரிம் இருந்தால் ஒழுகலைத் தேட வேண்டும். மாறாக, மாஃபின் அளவே தப்பு என்றால் எந்த ஆர்பிஎம்மிலும் ஏறக்குறைய ஒரே சதவீதம் தப்பும்.

23-க்கும் 15-க்கும் இருக்கும் வித்தியாசம் ஒழுகலைக் காட்டியது. ஆனால் ஒழுகல் மட்டும்தான் என்றால் 2500-இல் அது ஒன்றிரண்டு சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். 15-இலேயே நின்றது. அப்படியானால் இரண்டு கோளாறுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்று முடிவு செய்தேன்.

மாஃப் காட்டிய எண்ணும் நிலையாக இல்லை. ஐடிலிங்கில் வினாடிக்கு 2.2 கிராமுக்கும் 2.9-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்தது. அதை அப்போதைக்கு ஒரு ஓரமாகக் குறித்து வைத்தேன்.

ஒழுகல்

புகை விட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. என்ஜினை நிறுத்திவிட்டு, ஃபில்டரைக் கழற்றிக் குழாயின் வாயை அடைத்து, மெல்லிய அழுத்தத்தில் உள்ளே புகையைச் செலுத்த வேண்டும். புகை வெளிவரும் இடம்தான் காற்று உள்ளே போகும் இடம். ஓடுகிற என்ஜின்மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, ஆர்பிஎம் மாறுகிறதா என்று கேட்பது இன்னொரு பழக்கம். சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் பற்றி எரியக்கூடிய திரவத்தைத் தெளிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

புகை இரண்டு இடத்தில் வந்தது. த்ராட்டில் பக்கத்துச் சிலிகான் ஹோஸில் லேசாகக் கசிந்தது. டேப்பட் கவர் முனையின் அடியில் தெளிவான ஒரு கோடாக எழுந்தது.

இங்கே நுணுக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. சிலிகான் ஹோஸ் த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கிறது. ஐடிலிங்கில் அந்த இடத்தில் வாக்குவம் கிட்டத்தட்ட இல்லை. எனவே அங்கே உள்ள கசிவு ஐடிலிங்கை மட்டும் தனியாகக் கெடுக்காது. டேப்பட் கவர் விரிசல் அப்படியல்ல. என்ஜினின் வயிற்றில் சேரும் வாயுவை பிசிவி வால்வு மேனிஃபோல்டுக்குள் இழுக்கிறது. இழுத்ததை ஈடுகட்டும் புதுக் காற்று ப்ரீதர் ஹோஸ் வழியாக, அதாவது மாஃப் அளந்த பிறகு, உள்ளே வர வேண்டும். முனையில் விரிசல் இருந்தால் அந்தக் காற்று வெளியிலிருந்து நேரே வந்துவிடும். மாஃப் அதைப் பார்ப்பதே இல்லை. மேனிஃபோல்டு பலமாக இழுக்கும் ஐடிலிங்கில்தான் அதன் பங்கு பெரிதாகத் தெரியும். இன்டேக் மாற்றியவர்களில் சிலர் ப்ரீதர் ஹோஸைக் குழாயில் சேர்க்காமல், அதன் முனையில் ஒரு குட்டி ஃபில்டரை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மாஃப் உள்ள வண்டியில் அதுவும் இதே மாதிரி அளக்கப்படாத காற்றுக்கு வாசல் திறப்பதுதான்.

டேப்பட் கவரை மாற்றினோம். சிலிகான் ஹோஸை நேராக உட்காரவைத்து, கிளாம்பை உதட்டுக்கு உள்ளே தள்ளி இறுக்கினோம். ட்ரிம் கணக்கை அழித்துவிட்டு நன்றாக ஓட்டிய பிறகு பார்த்தால் ஐடிலிங்கில் கூட்டல் 13, 2500-இல் கூட்டல் 12.

விளக்கு எரியவில்லை. பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள்.

கூட்டல் 12 ஏன் நிற்கக் கூடாது

ஈசியு பெட்ரோலைத் திருத்திக்கொள்கிறதே, அப்புறம் என்ன என்று அவனும் கேட்டான். மூன்று விஷயங்கள். முதலாவது, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது பல ஈசியுக்கள் ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு மாஃபை மட்டும் நம்புகின்றன. கற்றுவைத்த லாங் டேர்ம் திருத்தத்தை அப்போதும் சேர்த்துக்கொள்ளும் வண்டிகள் உண்டு, சேர்க்காதவையும் உண்டு. சேர்க்காத வண்டியில், என்ஜின் அதிகமாகப் பாரம் சுமக்கும் அதே நேரத்தில் கலவை லீனாக எரியும்.

இரண்டாவதை இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். இந்த மாதிரி வண்டியில் என்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதையும் ஈசியு மாஃபை வைத்தே கணக்கிடுகிறது. மாஃப் குறைத்துச் சொன்னால் பாரம் குறைவு என்று நினைத்து இக்னிஷனை முன்கூட்டியே கொடுக்கும். ட்ரிம் பெட்ரோலைத்தான் திருத்தும், டைமிங்கைத் தொடாது. பாரம் குறைவு என்ற கணக்கில் முன்னால் வந்த தீப்பொறி, நிஜமான பாரத்தில் நாக்கிங் (கலவை கட்டுமீறி எரிந்து தட்டுவது) வரை கொண்டுபோகலாம். நாக் சென்சார் காப்பாற்றும்தான். ஆனால் வருடக்கணக்கில் அதை நம்பி ஓட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

மூன்றாவது, திருத்த வரம்பில் பாதி இப்போதே செலவாகிவிட்டது. நாளைக்கு ஃப்யூல் பம்ப் கொஞ்சம் தளர்ந்தாலும் விளக்கு திரும்ப எரியும், காரணம் தேடுகிறவர் குழம்பிப் போவார்.

சந்தேகத்தைத் தீர்க்கக் கம்பெனி ஏர் பாக்ஸை அப்படியே திரும்ப மாட்டினோம். அதே என்ஜின், அதே மாஃப், அதே பெட்ரோல். ட்ரிம் ஐடிலிங்கில் கூட்டல் 2, 2500-இல் கூட்டல் 1. மாஃப் வினாடிக்கு 2.8 கிராமில் அசையாமல் நின்றது. என்ஜினில் குறை எதுவும் இல்லை, தப்பு புதுக் குழாயில்தான் என்பது இதோடு தெளிவானது. நேரம் எடுக்கும் சோதனைதான். ஆனால் இதைச் செய்யாமல் குழாயைக் குற்றவாளி ஆக்கியிருந்தால் அது வெறும் யூகம்.

நாலு மில்லிமீட்டர்

மாஃபுக்குள் மெல்லிய சூடான கம்பி அல்லது தகடு இருக்கிறது. காற்று ஓடும்போது அது குளிரும். அதைக் குறிப்பிட்ட சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ அதை வைத்துக் காற்றின் எடை கணக்காகிறது. சென்சார் குழாய் முழுவதையும் அளப்பதில்லை. குழாயின் நடுவில் தன்னைத் தொட்டுப் போகும் காற்றை மட்டும் அளக்கிறது. மீதியைக் குழாயின் பரப்பை வைத்து ஈசியுவில் எழுதப்பட்ட அட்டவணை ஊகிக்கிறது. ஆறு அகலமாகும் இடத்தில் அதே தண்ணீர் மெதுவாக ஓடுவதுபோல, குழாய் பெருத்தால் அதே அளவு காற்று சென்சாரை மெதுவாகக் கடக்கும். சென்சார் குறைவாகக் குளிரும், காற்று குறைவு என்று சொல்லும்.

வெர்னியரை எடுத்து அளந்தோம். கம்பெனி மாஃப் குழலின் உள் விட்டம் 68 மி.மீ. கிட்டின் குழாய் வெளியே 76, சுவர் 2 மி.மீ., ஆக உள்ளே 72. விட்ட வித்தியாசம் 4 மி.மீ.தான். ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் போகிறது. 72-ஐ 68-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.12. பரப்பு 12 சதவீதம் அதிகம். மாஃப் சொல்லும் காற்று ஏறக்குறைய 11 சதவீதம் குறையும், அதை ஈடுகட்ட 12 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். ஸ்கேனரும் 12, 13 என்றுதான் காட்டியது. இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போனதில் கொஞ்சம் தற்செயலும் இருக்கலாம், ஏனென்றால் குழாயின் குறுக்கே காற்று ஒரே சீராக ஓடுவதில்லை. ஆனால் திசையும் அளவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரே பக்கம் காட்டின.

மாஃப் ஆடியதற்கும் விடை இங்கேதான் இருந்தது. கிட்டில் மாஃப் மேடை குழாயின் வளைவை ஒட்டியே இருந்தது. வளைவைத் தாண்டிய காற்று ஒரு பக்கம் ஒதுங்கியும் சுழன்றும் வரும். கம்பெனிக் குழலில் இருந்த தேன்கூடு வலை அதை நேராக்குவதற்காகவே இருந்தது. கிட்டில் வலையே கிடையாது. வலை காற்றை மறிக்கும் என்று அதை வேண்டுமென்றே வெட்டி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

செய்த தீர்வு

வழிகள் சில இருந்தன. ஈசியுவில் மாஃப் அட்டவணையைப் புதுக் குழாய்க்கு ஏற்றபடி திருத்தி எழுதலாம். சரியான கருவியும் பொறுமையும் உள்ளவர் செய்தால் அது நல்ல தீர்வு. ஆனால் ஆடுகிற மாஃபை வைத்து எழுதும் அட்டவணையும் ஆடும். கிட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய பாக்ஸோடு இருக்கலாம். நான் முதலில் சொன்னது அதைத்தான். அவனுக்கு அந்த உறுமல் சத்தம் பிடித்துப்போயிருந்தது, அதை மறைக்காமல் சொன்னான். வண்டி அவனுடையது, விருப்பமும் அவனுடையது. அதைச் சரியாகச் செய்து கொடுப்பது என் வேலை.

நல்ல வேளையாக இந்த வண்டியின் மாஃப் குழல் ஏர் பாக்ஸ் மூடியோடு சேர்த்து வார்க்கப்பட்டதல்ல, தனியாகக் கழலும். அலுமினியக் குழாயில் மாஃப் மேடை இருந்த பகுதியை வெட்டி எடுத்தோம். அந்த இடத்தில் கம்பெனிக் குழலை, வலையோடு, அளவு குறைக்கும் சிலிகான் ஹோஸ்களால் இரு பக்கமும் இணைத்தோம். வளைவு மாஃபைத் தாண்டிய பிறகு வரும்படியும், ஃபில்டருக்கும் மாஃபுக்கும் நடுவே கொஞ்சம் நேரான ஓட்டம் கிடைக்கும்படியும் வைத்தோம். குழலில் காற்றின் திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துப் பொருத்த வேண்டும். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, குழாயை உள்ளும் புறமும் கழுவிக் காயவைத்த பிறகே மாட்டினோம். ஒரு துணுக்கு அலுமினியத் தூள்கூட த்ராட்டிலைத் தாண்டக் கூடாது.

விட்டுப்போன பிராக்கெட்டுக்கு ஓட்டையை நீள்வட்டமாக அகற்றி, நடுவில் ரப்பர் புஷ் வைத்துப் பொருத்தினோம். குழாயின் கனத்தை இப்போது பிராக்கெட் தாங்குகிறது, என்ஜின் ஆட்டத்தை ரப்பர் வாங்கிக்கொள்கிறது.

ட்ரிம் ஐடிலிங்கில் கூட்டல் 3, மேலே கூட்டல் 2. மாஃப் ஆடவில்லை.

சூடும் உறிஞ்சலும்

இழுவை கூடியதா என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை, அதனால் இரண்டை அளந்தோம்.

ஒன்று, உள்ளே போகும் காற்றின் வெப்பம். அதற்கான சென்சார் மாஃபுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே 31 டிகிரி. கம்பெனி பாக்ஸோடு ஓட்டத்தில் 34, நெரிசலில் நின்றால் 41. அவன் மாட்டியிருந்த நிலையில் ஓட்டத்தில் 38, நின்றால் 60. காற்றின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு (செல்சியஸோடு 273 கூட்டியது) தலைகீழ் விகிதம். 41-லிருந்து 60-க்குப் போனால் ஏறக்குறைய 6 சதவீதம் காற்றை இழக்கிறோம். ஓட்டத்தில் 34-க்கும் 38-க்கும் உள்ள இழப்பு 1.3 சதவீதம்.

இரண்டு, ஃபில்டரும் குழாயும் காற்றை எவ்வளவு மறிக்கின்றன என்பது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ப்ரீதர் ஹோஸில் ஒரு டி இணைப்பு போட்டு, அங்கிருந்து ஒரு நீண்ட மெல்லிய குழாயை உள்ளே கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றிய யு வடிவக் கண்ணாடிக் குழாயில் சேர்த்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்தவர் தண்ணீர் மட்டத்தைப் படிக்க வேண்டும். முழு மிதியில் கம்பெனி பாக்ஸில் 20 செ.மீ. வித்தியாசம். கிட்டில் 8 செ.மீ. மிச்சம் 12 செ.மீ. வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம், எனவே அந்த 12 செ.மீ. என்பது 1.2 சதவீதம். இந்த டர்போ இல்லாத என்ஜினில் அதிகபட்சம் அவ்வளவுதான் கூடுதல் காற்று.

உறிஞ்சலில் கிடைத்த 1.2-ஐ ஓட்டச் சூடு 1.3-ஆகத் திருப்பி வாங்கிவிட்டது. நெரிசலில் நஷ்டமே. அவன் உணர்ந்த இழுவை பெரும்பாலும் காதில் கேட்டது. கொஞ்சம் முன்னால் வந்த இக்னிஷனும் சேர்ந்திருக்கலாம்.

தகரத் தடுப்பில் கழற்றி வைத்த ரப்பர் பட்டையைத் திரும்பப் போட்டு, பானெட் அதன்மேல் அமுங்கி மூடும்படி உயரத்தைச் சரிசெய்தோம். கம்பெனி மூக்குக் குழாயைத் தடுப்புக்குள் திருப்பிவிட்டோம். ஓட்டத்தில் 36, நின்றால் 50 என்று இறங்கியது. கம்பெனி பாக்ஸ் அளவுக்கு வரவில்லை.

வேறு வண்டிகளில்

எல்லா வண்டியிலும் இவ்வளவு பாடு இருக்காது. மாஃப் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டிகளில் குழாயின் விட்டம் அளவைக் கெடுக்காது. அங்கே கிட்டின் தாள் சொல்லும் "சுலபம்" பெரும்பாலும் உண்மை. சூடும் பிராக்கெட்டும்தான் கவலை.

டர்போ வண்டியில் ஒரு நட்டோ துணியோ குழாய்க்குள் மறந்து விடப்பட்டால் கம்ப்ரஸர் இறக்கைகள் போய்விடும். கழற்றிய வாயை உடனுக்குடன் மூடி வைத்து வேலை செய்ய வேண்டும்.

ஃபில்டரை ஃபெண்டருக்குள், பம்பருக்குப் பின்னால் இறக்கும் வகை சூட்டுக்கு நல்லது. ஆனால் சக்கரத்தைக் கழற்றி, உள் மட்கார்டைப் பிரித்து, சில வண்டிகளில் பம்பரையே இறக்கித்தான் அதை மாட்ட முடியும். தேங்கிய நீரில் ஃபில்டர் முழுகினால் என்ஜின் தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். நீர் தேங்கும் சாலையில் ஓட்டுபவருக்கு அந்த வகை வேண்டாம் என்றே சொல்வேன்.

எந்த வகையானாலும் முதல் போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே ஸ்கேனரை மாட்டி ஐடிலிங்கிலும் 2500-இலும் ட்ரிம், மாஃப், உள்காற்று வெப்பம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய எண் கையில் இல்லாவிட்டால் புதிய எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பிறகு வெர்னியரால் மாஃப் குழலின் உள் விட்டத்தையும் கிட்டின் உள் விட்டத்தையும் ஒப்பிட வேண்டும். கிட் வாங்கும் முன்பே விற்பவரிடம் உள் விட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். வெளி விட்டத்தை மட்டும் சொல்பவரிடம் இன்னொரு முறை கேட்கலாம்.

இந்த வண்டியில் இனி பார்க்க வேண்டியவை இரண்டு. புதுச் சிலிகான் ஹோஸ் சூடேறி ஆறும்போது கொஞ்சம் அமுங்கும், அதனால் கிளாம்ப்களை இன்னொரு முறை இறுக்க வேண்டும். கையால் உறுதியாக இறுக்கினால் போதும், ஹோஸ் கிளாம்பின் துளைகள் வழியாகப் பிதுங்கும் அளவுக்கு வேண்டாம். ஃபில்டரைக் கழுவி எண்ணெய் பூசும்போது சொட்டாத அளவுக்கு மட்டும் பூசி, முழுக்க ஊறவிட்டுப் பிறகு மாட்ட வேண்டும். மிச்ச எண்ணெய் காற்றோடு போய் மாஃப் கம்பியில் படிந்தால் அதன் அளவு மறுபடி தப்பும். கம்பெனி ஏர் பாக்ஸைத் துடைத்து, போல்ட்களை ஒரு பையில் போட்டு அதோடு கட்டி, பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.